அகதிப் பெண்களும் ஆறுதல் பயிற்சியும்

"பிள்ளைக்கு ஒரே யோசனை" என்று எமது கிராமத்துத் தாய் ஒருத்தி சொன்னால், அது நித்திரை கெட்டு, சாப்பாடு குறைந்து, ஆள் ஒடுங்கிப்போன நிலையைப் பற்றிய பேச்சு என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும். "மனச்சோர்வு" என்ற சொல்லை அவள் அறியாள். தென் சூடானிலிருந்து உகண்டாவுக்கு ஓடிவந்த பெண்களும் தமது துயரை ஏறக்குறைய இப்படியே சொன்னார்கள்: "அதிகம் யோசிக்கிறோம்."

தென் சூடானில் 2013 டிசெம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. 2016 யூலையில் அது மீண்டும் வெடித்தபின் இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்தனர். பெரும்பான்மையினர் பெண்களும் சிறுவர்களுமே. உகண்டாவின் வடமேற்கிலுள்ள றைனோ காம்ப் குடியேற்றத்தில் அவர்களுக்குத் துண்டு நிலமும் நிவாரணமும் கிடைத்தன. மனநல வைத்தியர் கிடைப்பது அரிது. ஒவ்வொருவராக இருத்தி ஆலோசனை சொல்ல ஆளேது?

இந்த இடத்தில்தான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் குழுப் பயிற்சி ஒன்று பரீட்சிக்கப்பட்டது. 14 கிராமங்களில் 694 பெண்கள் இந்த ஆய்வில் சேர்ந்தனர். பாதிக் கிராமங்களில் பயிற்சி நடந்தது. மற்றவற்றில் சுகாதாரத் தொண்டர் ஒருவர் வீட்டுக்குச் சென்று அரை மணி நேரம் பேசி, உதவி கிடைக்கும் இடங்களைச் சொல்லிவந்தார். முடிவுகள் 2020இல் வெளியாயின.

பயிற்சி நடந்த விதம் கவனிக்கத்தக்கது. இருபது முப்பது பெண்கள் கூடுவார்கள். வாரம் ஒரு தடவை, இரண்டு மணித்தியாலம், ஐந்து வாரம். பாடம் அவர்களுடைய யூபா அரபு மொழியில் ஒலிப்பதிவாக ஓடும். நடத்துநர்கள் வைத்தியர்களல்லர், குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண பெண்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் படப் புத்தகமும் உண்டு. யாரும் தன் கதையைச் சபையில் சொல்லவேண்டும் என்று கேட்கப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரி முன்னிலையில் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல எந்தப் பெண் விரும்புவாள்? எமது மாதர் சங்கங்களில் இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

முதற் பாடம் மிக எளிது. இரு பாதங்களையும் நிலத்தில் ஊன்றி மெல்ல அழுத்துவது. நெஞ்சிலுள்ள காற்றை முழுதாக வெளியே விட்டு, ஆறுதலாக உள்ளே இழுப்பது. பின், காண்பது என்ன, கேட்பது என்ன, கையில் தொடுவது என்ன என்று கவனிப்பது. துயரம் போய்விடாது, ஆனால் அது இழுத்த இழுப்புக்கெல்லாம் போகாமல் நின்றுகொள்ளலாம்.

தசைகளை இறுக்கிப் பின் தளர்த்தும் முறை இதைவிடப் பழையது. அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் அதைப் பற்றி நூல் எழுதினார். யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போரால் பாதிக்கப்பட்டோருக்கு அதைக் கற்பித்ததோடு, அவரவர் சமயத்தில் பழகிய மந்திரத்தையோ செபத்தையோ மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லும் வழக்கத்தையும் சிகிச்சையாக்கினார். புதிய வித்தையைவிடப் பாட்டியிடம் கேட்ட சொல் உடம்புக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது.

பலன் என்ன? றைனோ காம்பில் பயிற்சி பெற்ற பெண்களின் மனவேதனை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது; மூன்று மாதத்தின் பின்னும், சற்றுக் குறைந்த அளவிலேனும், அந்த வித்தியாசம் நிலைத்தது. துருக்கியிலிருந்த சிரிய அகதிகளில் பயிற்சி பெற்றோருக்கு ஆறு மாதத்தின் பின்னும் மனநோய் குறைவாகவே கண்டது. மேற்கு ஐரோப்பாவில் தஞ்சம் கோரியோரிடம் ஆரம்ப நன்மை ஆறு மாதத்தில் காணாமற் போனது. காரணத்தை நான் ஊகிக்கவே முடியும்: நாளை திருப்பி அனுப்புவார்களோ என்று தபாற்பெட்டியைப் பார்த்திருப்பவருக்கு மூச்சுப் பயிற்சி எவ்வளவு தூரம் உதவும்? சுவிசிலோ கனடாவிலோ உறவினர் உள்ள எமக்கு இது புதினமல்ல.

தளர்வுப் பயிற்சி ஒன்றும் செய்யாதிருப்பதைவிட நல்லது, முறையான உளச்சிகிச்சைக்கு ஈடாகாது என்பதே 2008இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றின் முடிவு. இன்னொரு எச்சரிக்கை. கண்ணை மூடியதும் சிலருக்குப் பழைய காட்சிகள் பாய்ந்து வரும். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே, பாதத்தை ஊன்றிச் செய்யட்டும். வற்புறுத்தவேண்டாம். நாட்கணக்கில் உண்ணாதவரையும், சாவைப் பற்றிப் பேசுபவரையும் பாயில் இருத்தி மூச்சுவிடச் சொல்லாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள், தனியே அனுப்பாமல்.