சிறு கடல்நீர்த் தொட்டியில் அல்காப் பெருக்கம்: காரணமும் கட்டுப்பாடும்

முருகைக்கற்பாரின் சிறு பகுதியொன்றைக் கண்ணாடித் தொட்டியிற் பேண முற்படுவோர் பெரும்பாலும் சில மாதங்களுள் ஓர் இடரினை எதிர்கொள்வர். கற்களின்மீது பச்சை மயிர் போன்ற இழைகள் படர்கின்றன. மணலின்மேல் செந்நிறப் படலம் விரிகின்றது. முருகைகள் தம் உணர்கொம்புகளை உள்ளிழுத்துப் படிப்படியாக மடிகின்றன. இதனை ஒரு நோயெனக் கொண்டு மருந்து தேடுவது பலரது வழக்கம். ஆயின் அல்கா நலமுள்ள கற்பாரிலும் உண்டு. அது தொட்டியில் மிகுதல், புகும் போசணைப் பொருள்கள் வெளியேறுவனவற்றிலும் மிக்கிருத்தலையும், மேயும் உயிர்கள் குறைந்திருத்தலையும் காட்டுகின்றது. எனவே அல்காக் கட்டுப்பாடு அடிப்படையில் ஒரு வரவுசெலவுக் கணக்கைச் சீர்செய்தலேயாகும். அக்கணக்கினை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயற்கைப் பாரின் சமநிலை

அயனமண்டலக் கடலின் மேற்பரப்பு நீர் போசணையில் வறியது. கற்பார்களைச் சூழ்ந்த நீரிற் பொசுபேற்றின் செறிவு பொதுவாக இலீற்றருக்கு 0.02 மில்லிகிராம் அளவினது அல்லது அதனிலும் குறைந்தது. இவ்வறுமையிலும் முருகைகள் செழித்தற்குக் காரணம், அவற்றின் இழையங்களினுள் வாழும் சூசாந்தெல்லா எனும் ஒருகல உயிர்களாகும். அவை ஒளித்தொகுப்பால் ஆக்கும் உணவில் ஒரு பங்கினை முருகைக்கு அளிக்கின்றன. முருகையின் கழிவிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் தாம் பெறுகின்றன. வெளியே வளரும் அல்காவுக்கு எஞ்சுவது சிறிதே. அதனால் வளர்வதையும் கிளிமீன், ஓரா, கடல் முள்ளெலி, நத்தை முதலியன மேய்ந்துவிடுகின்றன.

போசணை வறுமை, மேய்ச்சல் ஆகிய இவ்விரு தடைகளுள் ஒன்று நீங்கினும் விளைவது யாதென்பதற்கு இரு சான்றுகள் போதும். யமேக்காவில் மிகையான மீன்பிடியால் மேயும் மீன்கள் முன்னரே அருகியிருந்தன. 1980 ஆம் ஆண்டின் சூறாவளி பார்களைச் சிதைத்தது. 1983 ஆம் ஆண்டளவில் கொள்ளைநோயொன்று அங்குள்ள நீண்ட முட்களையுடைய கடல் முள்ளெலிகளைப் பேரளவில் அழித்தது. 1977 இல் ஏறத்தாழ 52 சதவீதமாக இருந்த முருகைப் பரப்பு 1993 அளவில் 3 சதவீதமாகக் குன்றியது. அல்காப் பரப்பு 4 இலிருந்து 92 சதவீதமாக உயர்ந்தது. அவாயித் தீவுகளின் கனெயோகே குடாவிலோ இடர் போசணையால் வந்தது. அங்கு கழிவுநீர் கலந்துவந்த காலத்திற் குமிழி அல்காவொன்று முருகைகளை மூடியது. 1977, 1978 ஆம் ஆண்டுகளிற் கழிவுநீர் திசைதிருப்பப்பட்டபின் அது வெகுவாகக் குறைந்தது.

தொட்டியின் கணக்கு

இவ்விரு தடைகளும் சிறு தொட்டியில் ஒருங்கே தளர்கின்றன. 100 இலீற்றர் நீர்கொண்ட தொட்டியில் நாளொன்றுக்கு 1 கிராம் உலருணவு இடப்படுவதாகக் கொள்வோம். மீனுணவின் நிறையில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு பொசுபரசு ஆதலின், 10 மில்லிகிராம் பொசுபரசு, அதாவது 30 மில்லிகிராம் பொசுபேற்று, தொட்டியுட் புகுகின்றது. அது முழுவதும் நீரிற் கரையின் இலீற்றருக்கு 0.3 மில்லிகிராமாகும். ஒருநாட் சேர்க்கையே கற்பார் நீரின் செறிவிற் பதினைந்து மடங்காதல் காண்க. இதிலொரு பகுதி மீனின் உடலிலும் பற்றீரியாவிலும் சேர்கின்றதெனினும், எஞ்சியது நீரிற் கலந்தே தீரும்.

இரண்டாவது வரவு, ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றப்படும் நன்னீராகும். நீர் ஆவியாகையில் அதிலிருந்த உப்புக்கள் தொட்டியிலேயே தங்குகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தடி நீரிற் பலவிடங்களில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆய்வுகளால் அறியப்பட்டதாகும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லையான 50 மில்லிகிராம் நைத்திரேற்றினை ஓர் இலீற்றரிற் கொண்ட கிணற்று நீரை நாளுக்கு ஓர் இலீற்றர் வீதம் ஊற்றினால், மேற்கூறிய தொட்டியில் ஒரு மாதத்தில் இலீற்றருக்கு 15 மில்லிகிராம் நைத்திரேற்றுச் சேரும். குடித்தற்கு ஏற்ற நீர் தொட்டிக்கும் ஏற்றதெனக் கொள்ளலாகாது. சவ்வூடாக அழுத்தி உப்புக்கள் நீக்கப்பட்ட நீரே உகந்தது.

செலவுப் பக்கத்தில் யாவரும் முதலிற் கொள்வது நீர்மாற்றமாகும். வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றுவோர், செறிவு குறைந்துகொண்டே செல்லும் என எண்ணுவர். உண்மையில், வேறு வெளியேற்றம் இல்லாதவிடத்து, ஒரு வாரச் சேர்க்கையின் பத்து மடங்கு வரை செறிவு உயர்ந்தே நிலைகொள்ளும். அந்நிலையிலேதான் மாற்றப்படும் பத்திலொரு பங்கு நீர் அவ்வாரச் சேர்க்கைக்குச் சமமான அளவினை வெளியேற்றுகின்றது. மேலும், கல்சியம் காபனேற்றாலான கற்கள் பொசுபேற்றைத் தம் பரப்பிற் பற்றிவைத்து, நீரிற் செறிவு குறையும்போது மீண்டும் விடுகின்றன. ஆதலின் சீராக்கத்தின் பயன் வாரங்களில் அன்றி மாதங்களிலேயே புலப்படும்.

சோதனைக் கருவி நீரிற் சுழியம் காட்டுதலும் மயக்கம் தருவதாகும். அல்கா நிறைந்த தொட்டியில் போசணை நீரில் இராது; அல்காவின் உடலில் இருக்கும்.

இனங்காணலும் செயல்முறையும்

புதுத் தொட்டியின் முதல் வாரங்களில் தோன்றும் கபிலநிறத் தூள் பெரும்பாலும் தயற்றம் ஆகும். சிலிக்கேற்றுத் தீர்ந்ததும் அது தானே மறையும். ஆடைபோல் உரியும் செந்நிறப் படலம் சயனோபற்றீரியாவாகும். அது உண்மையில் அல்கா அன்று. பச்சை இழைகள் தேர்பேசியா, பிரையொப்சிசு, கிளாடொபோரா முதலிய சாதிகளைச் சார்ந்தவை. வளிக்குமிழிகள் தங்கிய கபிலநிறச் சளி தைனோபிளாசெலேற்றுக்களாயிருத்தல் கூடும். அவற்றுட் சில நஞ்சுடையவை. அவற்றை உண்ணும் நத்தைகள் இறக்கின்றன.

இழையல்காவைப் பொறுத்தவரை முதற்செயல் கையாற் பறித்தலாகும். பறித்தவற்றைக் குழாயால் உறிஞ்சி உடனே அகற்றல் வேண்டும். ஏனெனில் தொட்டியினுள் அழுகும் அல்கா தான் கொண்ட போசணையை நீருக்கே மீள அளிக்கின்றது. அடுத்தது உணவைக் குறைத்தலும், மீன்களின் தொகையை மட்டுப்படுத்தலும் ஆகும். நுரைவடிப்பான் சேதனக் கழிவினை அது சிதையுமுன் வெளியேற்றும். இரும்பு ஐதரொட்சைட்டு மணிகள் பொசுபேற்றைப் பற்றும். பக்கத் தொட்டியொன்றிற் கீற்றோமோர்பா எனும் அல்காவை இரவில் ஒளியூட்டி வளர்த்து, காலந்தோறும் அறுத்தெடுத்தலும் சிறந்த முறையாகும். வேண்டாத இடத்தில் வளரும் அல்காவை வேண்டிய இடத்தில் வளர்ப்பதே இதன் தத்துவம்.

துரோக்கசு, தர்போ ஆகிய நத்தைகள் சிறு தொட்டிக்கு ஏற்ற மேய்ப்பினங்கள். பெரிதாக வளரும் மீன்களை இதன்பொருட்டு அடைத்தல் கொடுமையாகும். மேயும் உயிர் போசணையை அழிப்பதில்லை, கழிவாக மாற்றுகின்றது. ஆயினும் கல்லின் பரப்பினை வெறுமையாக வைத்து முருகைக்கு இடமளித்தல் அதன் பெரும் பணியாகும்.

நஞ்சும் மிகைத் தூய்மையும்

செம்பு கலந்த அல்காக் கொல்லிகள் முள்ளந்தண்டிலிகளையும் கொல்வன. ஆதலின் அவை முற்றாக விலக்கப்படவேண்டியவை. எரித்திரோமைசின் சயனோபற்றீரியாவைக் குறைக்குமாயினும், பயனுள்ள பற்றீரியாவையும் தாக்கலாம். எதிர்ப்பாற்றல் பெற்ற பற்றீரியா பெருகவும் வழிவகுக்கும். அன்றியும் அல்கா ஒருங்கே மடியின் அதன் சிதைவினால் நீரின் ஒட்சிசன் வீழ்ச்சியுறும். சிறு தொட்டியில் ஓரிரவே அழிவுக்குப் போதும்.

மறுபுறம், போசணையைச் சுழியமாக்க முனைதலும் தவறாகும். முருகையினுள் வாழும் சூசாந்தெல்லாக்களுக்கும் நைதரசனும் பொசுபரசும் வேண்டும். அவை அறவே அற்ற நீரில் முருகை வெளிறி மெலிகின்றது. தைனோபிளாசெலேற்றுக்கள் பெருகுதலும் உண்டு. ஒளியைக் குறைப்பதிலும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். அல்காவை ஒடுக்கும் நீடித்த இருள் முருகையையும் பட்டினியிடும். ஆகவே நாடத்தக்கது குறைந்த, ஆயின் மாறாத செறிவாகும்.

தொட்டியில் மடியும் முருகை ஒரு விலங்கு என்பதையும், அதன் இனம் கடலிலேயே நலிந்துவருவதென்பதையும் மறத்தலாகாது. 1998 ஆம் ஆண்டிற் கடல்நீர் வெப்பமேறியபோது ஹிக்கடுவை உள்ளிட்ட இலங்கைப் பார்கள் பலவற்றில் முருகைகள் வெளிறி மடிந்தன. வெறுமையான கற்களை அல்கா பற்றிக்கொண்டது. அத்தகைய கடலிலிருந்து பெறப்படும் உயிரைப் பேணுவோன், அதனை வாங்குமுன்னரே தன் தொட்டியின் வரவினையும் செலவினையும் கணித்தறிதல் கடமையாகும். நாளொன்றுக்கு இடும் உணவின் நிறை, ஊற்றும் நீரின் தன்மை, வாரந்தோறும் அகற்றும் அல்காவின் அளவு ஆகிய மூன்றினையும் ஒரு குறிப்பேட்டிற் பதிந்துவருவோனுக்கு, அல்கா பெருகும்போது எங்கே திருத்தவேண்டும் என்பது தெளிவாகும்.