பனியில் அடைபட்ட பழங்காற்று

பூமியின் தென்துருவக் கண்டத்தில், கடலோர மீர்னி நிலையத்திலிருந்து 1,400 கிலோமீட்டர் உள்ளே, கடல் மட்டத்துக்கு 3,488 மீட்டர் உயரத்தில், கல்லோ மண்ணோ கண்ணில் படாத வெண்பனிச் சமவெளியின் நடுவே, மனிதன் தானாக விரும்பிப் போய்க் குடியேறிய இடங்களுள் மிகக் கொடியது என்று சொல்லத்தக்க ஓரிடம் இருக்கிறது. சர்வதேசப் பூபௌதிக ஆண்டை முன்னிட்டு, 1957 டிசம்பர் 16ஆம் தேதி சோவியத் விஞ்ஞானிகள் ஸ்தாபித்த வஸ்தோக் ஆராய்ச்சி நிலையமே அது.

1983 ஜூலை 21ஆம் தேதி அங்குள்ள வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 89.2 டிகிரி செல்சியஸைக் காட்டியது. தரையில் வைத்த கருவியால் நேரே அளந்தறிந்த குளிர்களில் அதை மிஞ்சியது இன்றுவரை இல்லை. ஆயினும் அங்கே போய்ச் சேர்ந்தவரை முதலில் வாட்டுவது குளிரன்று. பிராணவாயு மெலிந்த அவ்வுயரத்தில் நாலடி நடந்தாலே மேல்மூச்சு வாங்கும். தலைவலியும் உறக்கமின்மையும் மூக்கில் ரத்தம் வடிதலும் பல நாட்கள் தொல்லை கொடுக்கும். பிறகு வருவது, சூரியன் தலைகாட்டாத நான்கு மாத இரவு. அப்போது விமானம் இறங்காது, வண்டியும் வராது. கோடையில் கனத்த டிராக்டர்கள் சறுக்குவண்டிகளில் இழுத்துவந்து சேர்த்த டீசல்தான் விளக்கு, வெப்பம், உயிர் எல்லாம்.

1982 ஏப்ரல் 12ஆம் தேதி அந்த உயிர்நாடியே அறுந்தது. மின்னாக்கிகள் இருந்த கட்டடத்தில் தீப்பற்றி, இயந்திரப் பணியாளர் ஒருவர் மாண்டார்; எஞ்சிய இருபது பேரையும் அந்தக் குளிர்காலத்தில் மீட்டுவர எந்த வாகனத்தாலும் இயலவில்லை. அவர்கள் காலியான வாயு உருளைகளை அறுத்து அடுப்பாக்கி, அதில் டீசலை எரித்து, கல்நார்த் திரியிட்டு மெழுகுவர்த்தி வார்த்து, புகைக்கரி படிந்த முகத்தோடு கோடை வரும்வரை உயிரைக் காத்துக்கொண்டனர். வீர சரித்திரங்களுள் சேர்த்து எண்ணத்தக்க இந்த நிகழ்ச்சியை நம்மவர் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இத்தனை சிரமமும் எதற்காக? அங்கே பெய்யும் சொற்பப் பனி உருகுவதே இல்லை. ஆண்டுக்காண்டு படிந்து, மேலுள்ள பாரத்தால் இறுகிக் கட்டியாகும்போது, இடுக்குகளிலிருந்த காற்று சிறுசிறு குமிழிகளாக உள்ளே அடைபட்டுவிடுகிறது. 1965இல் அதே கண்டத்தின் அதேலி நிலத்தில் முகாமிட்டிருந்த பிரெஞ்சு விஞ்ஞானி க்ளோது லோரியுஸ், பழம்பனித் துண்டொன்றை விஸ்கிக் கோப்பையில் இட்டபோது குமிழிகள் படபடவென்று வெடிக்கக் கண்டு, வெளிப்படுவது புராதன காலத்து வாயுமண்டலமே அன்றோ என்று சிந்தித்தாராம். அந்தச் சிந்தனைக்கு மகத்தான ஆதாரம் தந்தது வஸ்தோக். 1970இல் தொடங்கிய துளையிடல் 1998இல் 3,623 மீட்டர் ஆழத்தை எட்டியது. இரு வல்லரசுகளும் அணு ஆயுதங்களோடு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, ரஷ்யர் துளைத்தெடுத்த பனியை அமெரிக்க விமானங்கள் சுமந்துவர, பிரெஞ்சு ஆய்வுக்கூடங்களில் அதைப் பரிசோதித்தார்கள் என்பதை நினைக்குந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

1999இல் வெளியான முடிவு 4,20,000 ஆண்டுகளின் வரலாற்றை விரித்துக் காட்டியது. பனியிலுள்ள நீரணுக்களின் கனபேதத்தைக் கொண்டு அது பெய்த காலத்து உஷ்ணத்தையும், குமிழிகளைக் கொண்டு கரியமிலவாயுவின் அளவையும் கணித்தபோது, இரண்டும் ஏறக்குறைய இணைந்தே ஏறி இறங்கியது புலப்பட்டது. அந்த நெடிய காலம் முழுவதிலும் கரியமிலவாயு, பத்து லட்சத்தில் சுமார் 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடைப்பட்டே இருந்தது. இன்றோ 420ஐயும் தாண்டிவிட்டது. சீதோஷ்ண மாறுதலைக் குறித்து ஐயமெழுப்புவோர்க்குச் சொல்லத்தக்க இதைவிடத் தெளிவான சாட்சியத்தை நான் அறியேன்.

நிலையத்தின் அடியில், பனிக்குக் கீழே, சுமார் 250 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியொன்று உறையாமல் கிடக்கிறது. அதன் நீரை மாசுபடுத்திவிடக் கூடாதென்று 1998இல் துளையிடலை மேலேயே நிறுத்தியிருந்தனர். பின்னர் மீண்டும் தொடங்கி, 2012 பிப்ரவரி 5ஆம் தேதி ஏரியைத் தொட்டனர்.

பழைய கட்டடங்கள் பனியில் புதைந்துபோக, அவற்றினுள்ளேயே பல தலைமுறை விஞ்ஞானிகள் காலந்தள்ளினர். பனிக்கு மேலே தூண்களில் நிற்கும் புதிய நிலையம் 2024 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அது எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.