விளையாட்டுச் சுட்டியும் விசைப்பலகையும்: எது புதிது?

கணினி விளையாட்டில் ஈடுபடுவோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் சுட்டியையும் விசைப்பலகையையும் கைவிட்டுப் புதியன வாங்குகின்றனர். இதனை இளைஞரின் வீண்செலவு எனக் கூறி ஒதுக்கிவிடும் போக்கு கற்றோரிடையே உண்டு. அது பொருத்தமான நோக்கு அன்று. கைக்கும் பொறிக்கும் இடையே நிற்கும் இவ்விரு கருவிகளிலும் மெய்யான வளர்ச்சி யாது, வளர்ச்சியென விற்கப்படுவது யாது என்பதனைப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

1964 இல் ஸ்ரான்போட் ஆய்வு நிறுவனத்தில், டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் கருத்துக்கு அமையப் பில் இங்கிலிஷ் செய்தளித்த முதற் சுட்டி, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு சில்லுகள் பொருத்திய மரப்பெட்டியாகும். காப்புரிமை நிறுவனத்துக்கே உரியதாயிற்று. எங்கெல்பார்ட் அதிலிருந்து உரிமப்பங்கு எதனையும் பெற்றாரல்லர். சில்லுகளின் இடத்தைப் பின்னர் உருளும் பந்தும், அதன்பின் ஒளியும் பிடித்துக்கொண்டன. இன்றைய சுட்டியின் அடியிலுள்ள உணரி, மேசைப் பரப்பினைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை படம்பிடித்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு அசைவைக் கணிக்கின்றது. பந்தில் அழுக்கேறிச் சுட்டி திணறிய காலத்தை அறிந்தோர் இதனை மெய்யான முன்னேற்றம் என ஏற்பர்.

ஆயின், விற்பனைப் பெட்டியில் அச்சிடப்படுபவை வேறு எண்கள். சாதாரண சுட்டி தன் நிலையைக் கணினிக்குச் செக்கனுக்கு 125 முறை, அதாவது 8 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அறிவிக்கும். விளையாட்டுச் சுட்டி 1000 முறை அறிவிக்கும். அண்மையில் வந்தவை 8000 முறை. முதற் பாய்ச்சலில் நாம் பெறுவது 7 மில்லிசெக்கன். இரண்டாவதிற் பெறுவது ஒன்றுக்கும் குறைவு. செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு காட்சி ஏறத்தாழ 17 மில்லிசெக்கன் நிற்கின்றது. ஒளியைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் தேவை. ஓர் அங்குல அசைவுக்குச் சுட்டி பதியும் எண்ணிக்கையும் இத்தகையதே. 20,000 க்கு மேல் என விளம்பரம் கூறும். தேர்ந்த போட்டியாளர்களிற் பெரும்பாலோர் 400 க்கும் 1600 க்கும் இடைப்பட்ட அளவையே பயன்படுத்துவர். கைக்கு மெய்யாகத் தெரியும் மாற்றம் சுட்டியின் நிறை குறைந்தமையும், அதன் வடிவம் உள்ளங்கைக்குப் பொருந்துவதுமாகும். இவற்றை எண்ணாக்கிப் பெருமை பேசுதல் எளிதன்று.

விசைப்பலகையில் நிலைமை சற்று வேறு. மலிவான பலகையில் விசைகளின் அடியில் றப்பர் குமிழ்களும், அவற்றின் கீழ்ச் சுற்று வரைந்த மென்தகடுகளும் உள்ளன. சுற்று நிரைகளாகவும் நிரல்களாகவும் அமைந்திருப்பதால், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகளை ஒருங்கே அழுத்தினால், நான்காவதும் அழுத்தப்பட்டதுபோலத் தோன்றும். இதனைத் தவிர்க்கப் பலகை அம்மூன்றாவது விசையைப் புறக்கணிப்பதும் உண்டு. ஓடிக்கொண்டே குனிந்து திரும்ப முற்படும் விளையாட்டாளர் தோற்பது இவ்விடத்திலேயே. விசைக்கு ஓர் இருவாயி வைத்தால் இக்குறை முற்றாக நீங்கும். இது மிகப் பழைய தீர்வு. தனித்தனி ஆளியும் விற்சுருளும் கொண்ட பொறிமுறை விசைகளும் புதியனவல்ல. இன்று பெரிதும் பின்பற்றப்படும் செரி நிறுவனத்தின் ஆளி 1980களின் முற்பகுதிக்குரியது. காந்தத்தின் அணுகலை அளந்து விசையின் ஆழத்தை அறியும் பலகைகள் தற்போது புரட்சி எனப் பேசப்படுகின்றன. அக்கோட்பாட்டில் இயங்கிய விசைப்பலகைகள் 1960களின் இறுதியிலேயே செய்யப்பட்டன.

எனினும் ஒரு புதுமை இங்கு உண்டு, அதுவே சிக்கலானது. எதிர்த்திசை விசைகள் இரண்டும் அழுந்தியிருக்கும்போது பிந்தியதை மட்டும் ஏற்கும் வசதியைச் சில பலகைகள் தந்தன. ஓடும் உருவைத் துல்லியமாக நிறுத்துதல் நெடுநாட் பயிற்சியால் விரல்கள் ஈட்டிய திறன். அத்திறன் இப்போது விலைக்கு வந்தது. 2024 ஓகஸ்ட்டில் வால்வ் நிறுவனம் ‘கவுண்டர் ஸ்ட்ரைக் 2’ விளையாட்டின் தனது சேவையகங்களில் இதனைத் தடைசெய்தது. உழைப்பாளியின் கைத்திறன் பொறிக்குட் புகுவதனைத் தொழிற்சாலை வரலாற்றிற் கற்ற நமக்கு இது புதிய காட்சியன்று. பொறியை விலக்கிவைக்கும் அதிகாரம் இங்கு ஆட்டத்தின் உடைமையாளனிடம் இருந்தது என்பதே வேறுபாடு.

இனி, பழையது ஏன் எறியப்படுகின்றது? பெரும்பாலும் உணரி கெடுவதில்லை. இடப்பக்கப் பொத்தானின் கீழுள்ள சிற்றாளியின் செப்புத் தகடு தளர்ந்து, தொடுமுனைகள் தேய்ந்து, ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிகின்றது. எமது மேசையிலிருந்த சுட்டிக்கும் இரண்டாம் ஆண்டில் இதுவே நேர்ந்தது. விற்றவரிடம் கொண்டுசென்றபோது, திருத்துவதில்லை, புதிய வகை வந்துள்ளது என்ற விடை கிடைத்தது. வழுக்குப் பட்டிகளை உரித்து, அவற்றின் அடியில் மறைந்திருந்த திருகாணிகளைக் கழற்றி, சுட்டியின் விலையோடு ஒப்பிடத்தகாத சிறுவிலை கொண்ட ஆளியொன்றைப் பற்றாசு பிடித்துப் பொருத்தினோம். உரித்த பட்டிகள் பின்னர் ஒட்ட மறுத்தன என்பதையும் சொல்லவேண்டும். அச்சுட்டி இன்றும் இயங்குகின்றது. பற்றாசின்றியே ஆளியைக் கழற்றி மாற்றத்தக்க விசைப்பலகைகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. அவ்வாறான சுட்டிகள் மிகச் சிலவே.

2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் பொருட்களைத் திருத்துவதற்கான உரிமை குறித்த பணிப்புரையை நிறைவேற்றியபோது, உற்பத்தியாளர் திருத்திக் கொடுக்கவேண்டிய பொருட்களின் பட்டியலிற் சலவைப்பொறியும் குளிர்சாதனப் பெட்டியும் கைத்தொலைபேசியும் இடம்பெற்றன. சுட்டியும் விசைப்பலகையும் அதில் இடம்பெறவில்லை.