விண்மீன்களின் பாதையை ஆள்வது எது?



பூமி சூரியனைச் சுற்றி வருகின்றது என்பதைச் சிறுவரும் அறிவர். அந்தச் சூரியனும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பால்வெளி மண்டலத்தின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டுகள் தொலைவில், நொடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் அது விரைந்துகொண்டிருக்கின்றது. ஒரு சுற்றை முடிக்க 20 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகின்றது. இத்துணை வேகத்தில் செல்லும் சூரியன் விலகி ஓடிவிடாமல் அதனைப் பிடித்து வைத்திருப்பது எது?

மையத்திலுள்ள கருந்துளையே காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அக்கருந்துளையின் நிறை சூரியனைப் போல் சுமார் 40 இலட்சம் மடங்கு. சூரியனின் பாதைக்கு உட்புறம் அடங்கிய மொத்த நிறையோ சுமார் 10,000 கோடி மடங்கு. அங்குள்ள விண்மீன்கள், வாயு, தூசு உள்ளிட்ட அனைத்தின் ஈர்ப்பும் ஒன்றுசேர்ந்தே சூரியனை வளைத்துச் செலுத்துகின்றது. சுருண்ட கரங்கள் கண்ணைக் கவர்ந்தாலும், அப்பாதையை முதன்மையாக நிர்ணயிப்பவை அவையல்ல.

இங்கே ஒரு புதிர் எழுகின்றது. சூரியக் குடும்பத்தின் நிறை ஏறக்குறைய முழுவதும் சூரியனிடமே உள்ளது. ஆகவே தொலைவு கூடக்கூடக் கோள்களின் வேகம் குறைகின்றது. புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் செல்ல, நெப்டியூன் சுமார் 5 கிலோமீட்டரே செல்கின்றது. விண்மீன் மண்டலத்திலும் ஒளி மங்கும் விளிம்புப் பகுதியில் வேகம் குறையத்தானே வேண்டும்?

இதற்கு விடை தந்தது நம் அண்டை மண்டலமான ஆண்ட்ரோமெடா. பாரசீக வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964-இல் எழுதிய நூலில் ஒரு சிறு மேகம் எனக் குறித்துவைத்தது இதனைத்தான். அமெரிக்க வானியலாளர் வேரா ரூபின் அம்மையாரும் கென்ட் ஃபோர்டும் அதன் ஒளியைப் பகுத்து ஆராய்ந்தனர். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி நீலப் பக்கமும், விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும். அந்த நகர்வைக் கொண்டு வேகத்தைக் கணித்து, 1970-இல் முடிவுகளை வெளியிட்டனர். மையத்திலிருந்து வெகு தொலைவிலும் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை! பிற சுருள் மண்டலங்களிலும் அதே நிலை பின்னர் காணப்பட்டது.

அவ்வேகத்தில் செல்பவற்றைக் கட்டிவைக்க, கண்ணுக்குப் புலப்படும் நிறை போதாது. ஒளி தராத, ஒளியை மறைக்காத ஏதோவொன்று மண்டலத்தைச் சூழ்ந்திருக்க வேண்டும். அதற்குக் கரும்பொருள் எனப் பெயரிட்டனர். ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்று 1983-இல் மில்க்ரோம் என்ற அறிஞர் வாதிட்டார். பெரும்பாலோர் கரும்பொருளையே ஏற்கின்றனர்; எனினும் அதன் துகளை எந்த ஆய்வுக்கூடமும் இதுவரை உறுதியாகப் பிடித்துக் காட்டவில்லை.

சிந்தித்துப் பாருங்கள்! கோடானுகோடி விண்மீன்கள் ஓடும் பாதையை வகுப்பதில் பெரும்பங்கு, எவரும் கண்டிராத ஒன்றுக்கு உரியது. அது இருப்பதை நாம் உணர்ந்தது, காணக்கூடியவற்றின் நடையைப் பொறுமையுடன் அளந்ததால்தான். ஒன்றுக்குப் பெயர் சூட்டிவிட்டதாலேயே அதனை அறிந்துவிட்டோம் என்று ஆகாது. அளந்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் நேர்மையே அறிவுக்கு அழகு. அந்த நேர்மையை நாமும் பேணுவோமாக!