ரவையின் அடியில் ஒரு பொட்டு மருந்து

கனடாவில் இருக்கும் என் மச்சான் குறிபார்த்துச் சுடும் கழகமொன்றில் உறுப்பினர். சுட்டு முடித்த வெற்றுக்கோதுகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே மருந்தும் சன்னமும் இட்டு மீண்டும் ரவையாக்குவது அங்கே அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்குச் சட்டபூர்வமான பொழுதுபோக்கு. கொரோனாக் காலத்தில் வட அமெரிக்கா முழுவதும் ‘பிரைமர்’ என்ற சிறு பாகத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. கைத்துப்பாக்கிக்குரியது கிடைக்காவிட்டால் ரைபிளுக்குரியதைப் போடலாமா என்று கழகத்தில் பெரிய வாக்குவாதம் நடப்பதாக ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். நான் பதுளையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊவாத் தோட்டப்புறங்களில் இதே கேள்விக்குப் பலர் தங்கள் காலால் விலை கொடுத்திருக்கிறார்கள்.

பிரைமர் என்பது என்ன? ரவை ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அடித்தட்டின் நடுவே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு வட்டம் தெரியும். அதுதான். உள்ளே சின்ன உலோகக் கிண்ணம், அதில் ஒரு பொட்டளவு மருந்து, அதற்கெதிரே கொல்லன் பட்டடை போல ஒரு முனை. துவக்கின் ஊசி கிண்ணத்தில் குத்தும்போது மருந்து பட்டடையில் நசுங்கி வெடிக்கிறது. அந்தத் தீ ஒரு துளை வழியே கோதுக்குள் பாய்ந்து பெரிய மருந்தைப் பற்றவைக்கிறது. கோதுக்குள் இருக்கும் புகையில்லா மருந்து திறந்தவெளியில் நெருப்புப் பட்டால் எரியும், அவ்வளவுதான். பிரைமர் மருந்து அப்படியல்ல. அடித்தாலே வெடிப்பதற்கென்று செய்யப்பட்டது அது. ரவை முழுவதிலும் ஒரு தட்டுக்குப் பதில் சொல்லும் பாகம் இது ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வன்னிக்கு வரும்போது தேவைப்படும்.

இந்தப் பொட்டு வருவதற்கு முன் துவக்குகள் சக்கிமுக்கிக் கல்லின் பொறியை நம்பியிருந்தன. 1818 ஊவா – வெல்லஸ்ஸக் கிளர்ச்சி அப்படிப்பட்ட துவக்குகளின் காலத்தில் நடந்தது. மழையிலும் பனிமூட்டத்திலும் கல் பொறி நம்பத்தக்கதல்ல. அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துவக்கில் பயன்படுத்தும் முறைக்கு 1807 இல் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் உரிமம் பெற்றார். கல் பொறியின் வெளிச்சத்தில் பறவைகள் பறந்துவிடுகின்றன என்பதுதான் அவருடைய கவலை! பின்னர் செப்புத் தொப்பி வந்தது. பதுளையில் அதிகாரியாக இருந்து, 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ் அந்தக் காலத்தவர். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளின் சாபம் என்பார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். இன்றைய பிரைமரின் இரண்டு வடிவங்களும் 1860களில் பிறந்தவை: பட்டடை பிரைமருக்குள்ளேயே இருப்பது பொக்ஸர் வகை, கோதின் அடியிலேயே இருப்பது பெர்டன் வகை. பொக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கர்கள் பொக்ஸரைப் பிடித்துக்கொண்டார்கள். பெர்டன் ஐரோப்பாவுக்கும் சோவியத், சீன ஆயுதங்களுக்கும் போய்ச்சேர்ந்தது. வீட்டில் ரவை நிரப்புபவர்கள் பொக்ஸரையே நாடுவார்கள். அதில் நடுவே ஒரே துளை இருப்பதால் பழைய பிரைமரைத் தள்ளி எடுப்பது எளிது.

மச்சானின் கேள்விக்கு வருவோம். கைத்துப்பாக்கிப் பிரைமர்கள் அளவில் இரண்டு: சிறியது 0.175 அங்குலம், பெரியது 0.210 அங்குலம். 9 மில்லிமீற்றருக்குச் சிறியது, 44 மேக்னத்துக்குப் பெரியது. ஒவ்வோர் அளவிலும் சாதாரணம், மேக்னம் என்று இரு வகை உண்டு. மெதுவாக எரியும், பற்றவைக்கச் சிரமமான மருந்துகளுக்கே மேக்னம். ரைபிளின் உள்ளழுத்தம் அதிகம் என்பதால் அதன் பிரைமர்க் கிண்ணம் தடிப்பானது. கைத்துப்பாக்கியின் அடி அதை நசுக்கப் போதாமல் போகலாம், அப்போது ரவை வெடிக்காது. கைத்துப்பாக்கிப் பிரைமரை ரைபிளில் போட்டால் மெல்லிய கிண்ணம் கிழிந்து சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். பெரிய அளவில் இன்னொரு சிக்கலும் உண்டு: ரைபிளுடையது உயரம் கூடியது, கைத்துப்பாக்கிக் கோதில் வெளியே துருத்தி நிற்கும். துருத்தி நிற்கும் பிரைமர், தானியங்கித் துப்பாக்கியில் கதவு பூட்டுமுன்பே வெடிக்கக்கூடும்.

ஆகவே அங்குள்ளவர்கள் செய்வது இதுதான்: மருந்து உற்பத்தியாளர் வெளியிட்ட அட்டவணையில் எந்தப் பிரைமர் எழுதப்பட்டிருக்கிறதோ அதையே வாங்குவது, பிரைமரை மாற்றினால் மருந்தைக் குறைத்து முதலிலிருந்து தொடங்குவது, பிரைமர்களை அவை வந்த தட்டிலேயே வைத்திருப்பது. போத்தலில் கொட்டிவைத்தால் ஒன்று வெடிக்க எல்லாம் வெடிக்கும். மச்சான் கடைசியில் ரைபிள் பிரைமரைத் தொடவில்லை. ஐந்து மாதம் சுடாமல் இருந்தார். சரியான முடிவு.

இலங்கையில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. 1916 இன் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956 இன் வெடிபொருட்கள் சட்டமும் நடைமுறையில் உள்ளன. பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அதற்கெல்லாம் பயிர்நிலம் காட்ட வேண்டும். லயத்துக் காம்பிராவில் பிறந்து அங்கேயே சாகிறவர் பெயரில் நிலம் ஏது? ஆனால் காட்டுப்பன்றிக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. பராமரிப்பின்றிக் காடாகிப்போன தேயிலை மலைகளில் அது பெருகுகிறது. அதைத் தேடி வருகின்றன இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும்.

இடியன் துவக்கில் தொழிற்சாலைப் பிரைமர் கிடையாது. கிடைத்த ஏதோ ஓர் உரசல் மருந்துதான் அந்த வேலையைச் செய்கிறது. அளவு இல்லை, அட்டவணை இல்லை. நமுனுகுலப் பனியில் ஈரம் குடித்தால் வெடிக்காது, அல்லது சுணங்கி வெடிக்கும். வெயிலில் காய்ந்தால் தொட்டாலே வெடிக்கும். கம்பியை இழுத்துக் கட்டும்போதே கட்டியவனைச் சுட்டுவிடுவதுண்டு. ஆனாலும் பெரும்பாலும் அடிபடுவது கட்டியவன் அல்ல. பன்றியின் தோளுயரத்துக்குக் குழல் வைக்கப்படுவதால் மனிதருக்கு முழங்காலிலும் தொடையிலும் படும். லுணுகலைப் பக்கத்தில் விறகு பொறுக்கப் போன ஒருவரோடு கதைத்தேன். கம்பி காலில் தட்டியதையும், ‘டிக்’ என்று ஒரு சத்தத்தையும், பிறகு ஒன்றும் நடக்காததையும் சொன்னார். இரண்டாவது அடி வைத்தபோதுதான் வெடித்தது. இரும்புத்துண்டு, அடைத்த துணி, மண் எல்லாம் சேர்ந்து புண்ணுக்குள் போனதால் பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மூன்று முறை சத்திரசிகிச்சை செய்தார்கள். கால் இருக்கிறது. கொழுந்து மலை ஏற முடியாது. துவக்கைக் கட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது.

ஹக்கபட்டாஸ் என்பதும் இந்தப் பொட்டின் உறவுதான். அதற்குத் துவக்கே வேண்டாம், தின்பண்டத்துக்குள் மறைத்த மருந்து கடித்த கணத்தில் வாய்க்குள் வெடிக்கும். பன்றிக்கென்று வைப்பதை யானைக்குட்டிகள் எடுக்கின்றன. தாடை சிதைந்த யானை உடனே சாவதில்லை, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது.

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு ஊவாவிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. அந்த உறவுகளுக்கும், நிலத்தைக் கொத்தும்போது இன்னும் ரவை கிளம்பும் ஊர்களில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சன்னம் கழராத ரவையின் பிரைமரில் குழி விழுந்திருந்தால் ‘இது செத்துப்போனது’ என்று சிறுவர்கள் நினைக்கிறார்கள். ஊசி குத்தியும் வெடிக்காதது என்றுதான் அதற்குப் பொருள், இனி வெடிக்காது என்றல்ல. பித்தளைக்காக ஆணி வைத்துத் தட்டுவது அந்தக் கிண்ணத்தைப் பட்டடையில் நசுக்குவதற்குச் சமம். நெருப்பில் போட்டால் சன்னம் தூரம் போகாது, ஆனால் கிழிந்த கோதும் பிரைமரும் பறந்து கண்ணைக் குருடாக்கும். கையால் எடுக்காதீர்கள். இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டு கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்துக்கோ அறிவியுங்கள்.

வெற்றுக்கோதாக இருந்தாலும் சந்தேகத்துக்குரிய இடமென்றால் தொடாமல் விடுங்கள். பிரைமரில் ஊசி பதித்த குழி ஒவ்வொரு துவக்குக்கும் தனியான தடம், எந்தத் துவக்கு சுட்டது என்று ஒப்பிட்டுப் பார்க்க நிபுணர்கள் முதலில் நோக்குவது அதைத்தான். படம் எடுத்து, திகதியையும் இடத்தையும் எழுதிவைத்து, நீங்கள் நம்பும் சட்டத்தரணி ஒருவரிடம் சொல்லுங்கள்.