முகத்தில் தெரியாத குறை: பிறவி முக அமைப்பு வேறுபாடுகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும்

காது சிறுத்தோ, தாடை ஒருபுறம் ஒடுங்கியோ பிறந்த குழந்தைகளைத் திருத்தணி வட்டாரத்திலிருந்தும், எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பகுதிகளிலிருந்தும் பெற்றோர் அழைத்து வருகின்றனர். காது கேட்குமா, முகத்தைச் சீரமைக்க இயலுமா என்பனவே அவர்களின் முதற்கேள்விகள். வாய் போதிய ஈரத்துடன் இருக்கிறதா என்று கேட்போர் அரிது. அக்கேள்வியே சில குழந்தைகளின் பற்களைக் காக்கவல்லது.

ஏன் ஏற்படுகிறது?

காதின் முன்புறம், கீழ்த்தாடையின் உட்புறம், நாவின் அடிப்புறம் என நமக்கு 3 இணைப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. இவை உணவை மென்மையாக்குகின்றன. பற்களை அரிக்கும் அமிலத்தைத் தணிக்கின்றன. கருவின் முகம் உருவாகும் அதே வாரங்களில், அதே பகுதியிலேயே இவையும் தோன்றுகின்றன. ஆகவே, முக வளர்ச்சி தடைப்படும்போது சுரப்பியும் சிறுத்துவிடலாம். சிலருக்கு உருவாகாமலே போகலாம்.

ஒருபக்க முகக்குறை உள்ளோரில் அப்பக்கக் கன்னச் சுரப்பி பாதிக்கப்படலாம். பிற சுரப்பிகள் ஈடுசெய்வதால் வாய் வறளாமலும் இருக்கலாம். ட்ரீச்சர் காலின்ஸ் நோயில் இருபக்கச் சுரப்பிகளும் குன்றலாம். நார்வே மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயுடையோர் பலரிடம் இக்குறை இருப்பதைக் காட்டியது.

கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததே காரணம் என்று உறவினர் கூறுவதுண்டு. அது உண்மையன்று. ட்ரீச்சர் காலின்ஸ் நோய் மரபணு மாற்றத்தால் வருவது. பெரும்பாலும் அம்மாற்றம் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடமே புதிதாக நிகழ்கிறது. தாய்மார் மீது பழி சுமத்தலாகாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

- தண்ணீரின்றிச் சோறோ பிஸ்கட்டோ விழுங்க இயலாமை
- இரவில் அடிக்கடி தண்ணீர் கேட்டல்
- உதடு வெடித்தல், நாக்கு வறண்டு ஒட்டுதல்
- பால் பற்கள் விரைவாகச் சொத்தையாதல்
- வாயில் மீண்டும் மீண்டும் வெண்படலம் தோன்றுதல்

எச்சில் ஒழுகும் குழந்தைக்குச் சுரப்பு மிகுதி என்று எண்ணிவிட வேண்டா. உதடுகள் சரிவர மூடாமையாலும், விழுங்குவதில் உள்ள இடராலும் எச்சில் ஒழுகலாம்.

பரிசோதனையும் பராமரிப்பும்

சுரப்பிகளை அல்ட்ராசவுண்ட் மூலம் காணலாம். அதில் வலியோ கதிர்வீச்சோ இல்லை. முகத்தை அசைக்கும் நரம்பு கன்னச் சுரப்பியினூடே செல்வதால், அறுவை சிகிச்சைக்கு முன்னும் இவ்விவரம் பயன்படும்.

இல்லாத சுரப்பியை மருந்தால் உருவாக்க இயலாது. பற்களைக் காக்க இயலும். ஃபுளூரைடு பற்பசையால் நாள்தோறும் இருமுறை பல் துலக்குங்கள்: 3 வயதுக்குள் அரிசியளவு, பின்னர் பட்டாணியளவு போதும். பால் புட்டியுடன் உறங்க விடாதீர்கள். அடிக்கடி சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். மலைக்கோயில் பஞ்சாமிர்தத்தை மறுக்க வேண்டா. உண்டதும் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். முதற்பல் முளைத்தவுடன் பல் மருத்துவரிடம் காட்டி, ஃபுளூரைடு பூச்சு பற்றிக் கேளுங்கள்.

அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் 18 வயது வரை கட்டணமின்றிப் பரிசோதனை நடைபெறுகிறது. மருத்துவக் குழு வரும் நாளில் குழந்தையின் முகத்தோடு வாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.