ஏக்யூஐ பச்சை காட்டினால் போதுமா? காற்றில் ஆர்சனிக் இருப்பதை எப்படி கண்டுபிடிக்கிறார்கள்?

காலையில் செல்போனில் ஏக்யூஐ பார்க்கிறோம். பச்சை நிறம் வந்தால், 'இன்னைக்கு காத்து நல்லா இருக்கு' என்று வாக்கிங் கிளம்பிவிடுகிறோம். ஆனால் அந்த எண்ணில் ஆர்சனிக் கணக்கிலேயே இல்லை!

ஏன் இல்லை?

2009-ல் வெளியான இந்திய காற்றுத் தரநிலையில் 12 மாசுகள் உள்ளன. ஏக்யூஐ கணக்கில் வருவது 8 மட்டுமே. ஆர்சனிக், நிக்கல், பென்சீன், பென்சோபைரீன் ஆகிய நான்குக்கும் ஆண்டு சராசரி வரம்புதான் உண்டு. ஒரு நாளுக்கான வரம்பு கிடையாது. அதனால் தினசரி எண்ணில் இவை இடம்பெறவில்லை.

எங்கிருந்து வருகிறது?

நிலக்கரி எரிப்பது, தாமிரம் போன்ற உலோகங்களை உருக்குவது முக்கிய காரணங்கள். சூட்டில் ஆவியாகும் ஆர்சனிக், குளிர்ந்ததும் நுண்தூசியில் ஒட்டிக்கொள்கிறது. நாம் மூச்சு இழுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகிறது. நீண்டகாலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் உண்டு.

எவ்வளவு இருக்கலாம்?

ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டு சராசரியாக 6 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன அளவை எப்படி பிடிப்பது?

அளப்பது எப்படி?

* பிஎம் 10 தூசியைப் பிரிக்கும் கருவி, 24 மணி நேரம் காற்றை இழுத்து வடிதாள் வழியாக அனுப்பும். நிமிடத்துக்கு 1.1 கன மீட்டர் என்றால், ஒரு நாளில் சுமார் 1,600 கன மீட்டர்.

* தூசி படிந்த தாளை வெட்டி, ஆசிட்டில் சூடாக்கி, உலோகங்களைக் கரைசலாக மாற்றுவார்கள்.

* அந்தக் கரைசலை அணு உறிஞ்சல் நிறமாலைமானி அல்லது ஐசிபி கருவியில் செலுத்தி ஆர்சனிக்கை அளப்பார்கள்.

வரம்பு அளவிலேயே ஆர்சனிக் இருந்தாலும், முழுத் தாளிலும் சேர்வது 10 மைக்ரோகிராம்கூட இல்லை. அதனால்தான் பயன்படுத்தாத வெறும் தாளையும் இதேபோல சோதித்து, அதில் ஏற்கெனவே உள்ள ஆர்சனிக்கைக் கழிப்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. நிறையை வைத்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிக்குள் ஆர்கானும் குளோரினும் சேர்ந்தால், ஆர்சனிக்கின் அதே நிறை எண் 75 வரும். கடல் உப்பு கலந்த தூசியில் இது பொய்க் கணக்கு காட்டலாம். அதை நீக்க தனி ஏற்பாடு தேவை.

ஒரு நாள் அளந்தால் போதுமா?

போதாது. வாரம் இருமுறை வீதம் ஆண்டுக்கு குறைந்தது 104 அளவீடுகள் வேண்டும் என்கிறது விதி. காற்று திசை மாறினால் அளவும் மாறும். ஒரே ஒரு நாள் சாம்பிளை வைத்து 'ஆபத்து' என்றோ 'பாதுகாப்பு' என்றோ சொல்லிவிட முடியாது.

அப்போ நாம என்ன செய்யலாம்?

அனல்மின் நிலையம், உருக்காலை அருகே வசிப்பவர்கள் ஏக்யூஐ எண்ணோடு நிறுத்திவிட வேண்டாம். உங்கள் பகுதியின் ஆர்சனிக் ஆண்டு சராசரி என்ன, எத்தனை நாள் அளந்தார்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.